சீனி போடாத தேத்தண்ணி

திரிம்பாக்
சுவிஸ்
21.09.2016

செல்வன்,

அன்புள்ள தம்பி என்று எழுதக் கை வரவில்லை. நாங்கள் நலமாக இல்லை. உன் நலம் அறியும் ஆவலும் இப்போது எனக்கு இல்லை.

மகள் மிதுஷாவிடம் சொல்லி உன் இலக்கத்தை என் தொலைபேசியில் தடுத்து வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன். கத்தினால் கீழ்வீட்டு மனுசி தும்புத்தடியால் கூரையில் தட்டுவாள். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ இடையில் புகுந்து, "அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்று சொல்ல முடியாது. முழுவதையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

இரண்டு குடும்பமும் சேர்ந்து மூன்று நாள் வலிஸ் மலைக்குப் போவோம், நடப்போம், நல்ல காற்று என்று கேட்டாய். வந்தோம். முதல் நாள் பின்னேரமே முந்திரிகைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த அந்த நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போவாய் என்று நீ சொல்லவில்லை. பீப்பாய்க்கு மேல் கிளாசுகளை வரிசையாக வைத்து, நடுவில் துப்புவதற்கு ஒரு வாளியும் வைத்து, வைன் ருசி பார்க்கிற சடங்கு இருக்கிறதென்றும் சொல்லவில்லை.

மிதுஷாவின் அப்பா கையைக் காட்டி வேண்டாம் என்றார். சீனி வருத்தம் என்று எல்லாருக்கும் தெரியும்தானே. நீ விட்டாயா? வைன் செய்கிற அந்த வெள்ளைக்காரருக்கு முன்னால் டொச் மொழியில் பெரிய விளக்கம் கொடுத்துவிட்டு அவருடைய கையில் கிளாசைத் திணித்தாய். "அத்தான், இது உங்களுக்கெண்டே சொல்லி வைச்சது. வாயிலை வைச்சிட்டுத் துப்புங்கோ" என்றாய். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் மற்றப் பக்கத்திலிருந்து வேண்டாம் என்கிறேன். "நீங்கள் சும்மா இருங்கோ அக்கா, இது வைன், சாராயம் இல்லை" என்றாய். அவர் குடித்தார். துப்பவில்லை.

அடுத்த நாள் நடந்ததை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீயும் அங்கேதான் நின்றாய். ஆனாலும் எழுதுகிறேன். மலைச்சரிவில் பழைய தண்ணீர் வாய்க்கால் ஓரமாக ஒரு முழம் அகலப் பாதை. ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் ஒன்றுமில்லை. வைன்காரர் உனக்கு அன்பளிப்பாகத் தந்த போத்தல் அவருடைய முதுகுப் பைக்குள் பாதி காலியாக இருந்தது. அவர் தள்ளாடினார். பின்னால் நடந்த என் பிள்ளை பையின் வாரைப் பிடித்தாள். வார் அறுந்தது. அவர் சரிவில் உருண்டு ஒரு பைன் மரத்தில் மாட்டாமல் இருந்திருந்தால், மீட்க வந்த ஹெலிகொப்டர் வேறு எதையோ ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.

அவருக்குக் காறையெலும்பு முறிவு. மிதுஷாவின் உள்ளங்கையில் வார் கிழித்த காயம், ஐந்து தையல். பல் வைத்தியரிடம் தொழில் பழகுகிற பிள்ளை. கருவி எடுத்துக் கொடுக்கிற கை அது. இரண்டு கிழமை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வருத்தக்காரனுக்கு வைன் ஊற்றிக் கொடுத்த உன் பெருமையைத் தூக்கி உன் ரெஸ்டோரன்ட் குசினியில் வை. என் வீட்டுப் படி ஏறாதே.

சிவகலா


அட்லிஸ்வில்
25.09.2016

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கட்டின மனுசி இந்திராவுக்குக்கூடக் காட்டவில்லை. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் அழுகை வந்தது. இரண்டாம் தரம் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

பெருமை என்கிறீர்கள். ஓம், பெருமைதான். இருபத்திரண்டு வருடம் ரெஸ்டோரன்ட் குசினியில் நிற்கிறேன். முதல் ஆறு வருடம் கோப்பை கழுவினேன். அடுத்தவன் குடிக்கிற வைன் பெட்டிகளை நிலவறையிலிருந்து தோளில் சுமந்து ஏற்றினேன். அதே வைன் செய்கிறவனின் வாசலில், என் அக்காவும் அத்தானும் பக்கத்தில் நிற்க, ஒரு நாளாவது விருந்தாளியாக நிற்க ஆசைப்பட்டேன். அது குற்றமா?

அத்தானுக்குச் சீனி என்பதை நான் மறக்கவில்லை. அதற்காகவே மூன்று இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் அத்தான் சீனி வருத்தக்காரர், அவரும் எங்களோடு சேர்ந்து ருசி பார்க்கவேண்டும், சீனி அறவே இல்லாத வைன் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது ஆள்தான் மரியாதையாகப் பதில் சொன்னார். தன்னிடம் நல்ல 'ட்ரொக்கன்', இனிப்பில்லாத வெள்ளை வைன் இருக்கிறது, ஒரு துண்டுப் பாணில் உள்ள சீனிகூட அதில் இல்லை, ஒரு வாய் பார்த்துத் துப்பினால் ஒன்றும் செய்யாது என்றார். அந்தப் போத்தலை எனக்காக எடுத்து வைத்தார். நான் அவருக்கு டொச்சில் கொடுத்த 'பெரிய விளக்கம்' அதுதான். யாரும் அத்தானை ஒதுக்கி மூலையில் உட்கார வைக்கக்கூடாது என்று நினைத்தேன். ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் அவர் வெறும் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சலித்துவிட்டது.

அந்த அன்பளிப்புப் போத்தலை நான் அவருடைய பைக்குள் வைக்கவில்லை. என் கார் டிக்கியில் வைத்தேன். காலையில் அது அங்கே இல்லை.

இனி எழுதப்போவதை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நீங்கள் என்னை எழுத வைத்துவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை ருசி பார்த்து முடிந்து எல்லாரும் தோட்டம் பார்க்க வெளியே போனோம். இந்திராவின் சால்வை உள்ளே விடுபட்டுவிட்டது. எடுக்கப் போனேன். அத்தான் மட்டும் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றார். அந்த வாளி அவருடைய இரண்டு கையிலும் இருந்தது. எட்டுப் பேர் துப்பின வாளி, அக்கா. அவர் அதை வாயில் வைத்திருந்தார். என்னைக் கண்டார். வாளியை இறக்கினார். நான் சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் அத்தானை அந்தக் கோலத்தில் கண்டதைச் செத்தாலும் மறக்கமாட்டேன்.

அன்றே உங்களிடம் சொல்லியிருந்தால் அடுத்த நாள் அவரை அந்தப் பாதையில் நடக்க விட்டிருக்கமாட்டீர்கள். மிதுஷாவின் கை கிழிந்திருக்காது. அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீனி வருத்தக்காரன் அப்படிச் செய்யமாட்டான். அவருக்கு உண்மையில் என்ன வருத்தம்? இத்தனை வருடம் எனக்கு என்ன சொல்லி வந்தீர்கள்?

செல்வன்


திரிம்பாக்
28.09.2016

செல்வன்,

கேட்டுவிட்டாய். வாங்கிக்கொள்.

அவருக்குச் சீனி இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. 2010 மாசியில் மூன்று மாதம் ஸ்பிற்றாலில் வைத்தியத்துக்கு இருந்தது குடிக்கு. சீனி கூடி மயங்கிவிட்டார், சுவிசில் இதற்கு உள்ளே வைத்துத்தான் பழக்குவார்கள், யாரையும் பார்க்க விடமாட்டார்கள் என்று உங்கள் எல்லாருக்கும் நான் சொன்னேன். நீ நம்பினாய். ஒவ்வொரு கிழமையும் தமிழ்க் கடையில் பாகற்காய் வாங்கி அனுப்பினாய். நானும் மிதுஷாவும் மூன்று மாதம் பாகற்காய் தின்றோம்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். இப்போதே சொல்கிறேன். 2009 ஆடியில் எங்கள் திரிம்பாக் கோயில் திருவிழா. அன்னதான வரிசையில் குலேந்திரன் நின்றான். கால் தள்ளாடியது. நீ தொண்டனாக நின்று சோறு போட்டுக்கொண்டிருந்தாய். எல்லாருக்கும் முன்னால் அவனுடைய கையிலிருந்த தட்டைப் பறித்தாய். "குடிகாரனுக்குக் கோயில்லை என்ன வேலை? உன்ரை வீட்டிலை தண்ணி வாங்கிக் குடிக்கிறதே பாவம்" என்றாய். சனம் சிரித்தது. அவனுடைய மனைவி எனக்குப் பக்கத்தில் இரண்டு தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தட்டுகளைத் திருப்பிக் கொண்டுபோய் அடுக்கில் வைத்துவிட்டுப் போனாள். அந்த நேரம் என்னுடைய மனிதர் கோயில் வாசலில் காருக்குள் நினைவில்லாமல் கிடந்தார்.

அன்றைக்கே முடிவு செய்தேன், என் வீட்டு விசயம் உன் காதுக்கு வரவே கூடாது என்று. அந்தப் பொய்யை நான் சொன்னேன், சொல்ல வைத்தவன் நீ.

ஆறரை வருடம் அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. குடியை விட்டவருக்கு இனிப்பில் ஆசை வரும் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனியை அள்ளிப் போட்டுக் குடிப்பார். கதவு மணி அடித்தால் மிதுஷா ஓடிப்போய்ச் சீனிப் பேணியை அலுமாரிக்குள் வைப்பாள். வெளியில், கலியாண வீட்டில், உன் வீட்டில், ஒரு துண்டு கேசரிகூட வாயில் வைக்கமாட்டார். இந்திரா அவருக்கென்று தனியாகக் கொண்டுவரும் அந்தச் சாயத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடிப்பார். என் பொய்யைக் காப்பாற்றக் குடித்தார். குடிக்காமல் இருப்பதையும் ஒளித்துத்தான் செய்யவேண்டியிருந்தது, பார்.

மலையால் வந்த பிறகு நிறுத்துவார் என்று நம்பினேன். சனிக்கிழமை எங்கள் முறை நாள், கீழே உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனேன். கூடைக்குப் பின்னால் போத்தல் இருந்தது. மேலே வந்து போகச் சொன்னேன். இருபது வருடப் பழக்கம், அந்த ஆத்திரத்திலும் "போங்கோ" என்றுதான் வாயில் வந்தது. "மிதுஷாவின்ரை கை ஆறுமட்டும் என்ரை கண்ணிலை படாதேங்கோ." அவர் முறிந்த தோளில் ஜக்கெட்டைப் போர்த்திக்கொண்டு போனார். நாலு நாளாகிறது. எங்கே என்று தெரியவில்லை. அவர் வேலை செய்கிற லாகரில் கேட்டேன், வருத்த லீவு என்கிறார்கள்.

நான் பதறுகிறேன் என்று நினைக்காதே. தெரியப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

சிவகலா


அட்லிஸ்வில்
09.10.2016

அக்கா,

அத்தான் என்னிடம்தான் இருக்கிறார்.

உங்கள் கடிதம் வந்த அன்றே, வியாழக்கிழமை பின்னேரம், பான்ஹோவ் ரயில்நிலையத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். அதுவரை ஒரு லாகர் நண்பனுடைய அறையில் கிடந்திருக்கிறார். போய்ப் பார்த்தால் இருக்கையில் ஒரு கையால் மற்றக் கையைத் தாங்கிக்கொண்டு இருந்தார். நாலு ரயிலை விட்டுவிட்டாராம். "செல்வன், அக்காவுக்குச் சொல்லாதை. சொன்னியெண்டால் இப்பவே போயிடுவன்" என்றார். முருகன் மேல் சத்தியம் வாங்கினார். பத்து நாள் காத்தேன். இன்றைக்கு உடைக்கிறேன். அன்றிலிருந்து அவர் குடிக்கவில்லை. முதல் நாலு நாளும் நடுங்கினார். டொக்டர் வந்தார், மருந்து தந்தார். நான் லீவு போட்டு அறை வாசலில் கதிரை போட்டு இருந்தேன்.

குலேந்திரன் கதையைப் படித்தபோது எனக்கு அப்படி ஒன்று நினைவிலேயே இல்லை. அக்கா ஆத்திரத்தில் ஊதிப் பெருப்பிக்கிறார் என்று நினைத்து இந்திராவிடம் கேட்டேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, "நடந்தது. நானும் பாத்தனான். அண்டைக்கு உங்களைப் பாக்கவே வெக்கமாயிருந்தது" என்றாள். ஏழு வருடம் ஒன்றாக வாழ்ந்தும் அவள் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு யாருமே எதையும் சொல்வதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

குலேந்திரன் குடியை விட்டு ஆறு வருடமாம். சூரிச்சில் வாரம் ஒரு நாள் எங்கள் ஆட்கள் கூடுகிற ஒரு கூட்டத்துக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். அவன் வீட்டு வாசல்வரை இரண்டு தரம் போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் மணியை அடித்தேன். நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். உள்ளே வா என்று அவன் சொல்லவில்லை. "இப்ப ஆருக்கு?" என்று கேட்டான். அத்தானுக்கு என்றேன். ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு என்னோடு இறங்கி வந்தான்.

அது போன வியாழக்கிழமை. அன்றே அத்தானைக் கூட்டத்துக்கு ஏற்றிப் போனான், இனி ஒவ்வொரு வியாழனும் வருவானாம். என் வீட்டுக்குக் கீழே நின்று ஹோன் அடித்தான். மேலே வரவில்லை. என் வீட்டில் இன்னும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்க எனக்கு முகமில்லை.

ஆனால் உங்கள் மேல் எனக்கிருக்கிற ஆத்திரம் ஆறவில்லை. நான் வாயாடிதான், சண்டியன்தான். ஆனாலும் உங்கள் தம்பி. ஒரு சொல் சொல்லியிருந்தால் உங்கள் எல்லாரையும் சீஸ் செய்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். என்னைக் கண்ணைக் கட்டி மலையில் நடக்க விட்டீர்கள். என் கையாலேயே அவருக்கு ஊற்ற வைத்தீர்கள். இனி நான் எந்தக் கிளாசைத் தொட்டாலும் அந்த வாளிதான் தெரியும். வைன் பக்கம் நிற்கமாட்டேன் என்று வேலையில் சொல்லிவிட்டேன்.

செல்வன்


திரிம்பாக்
12.10.2016

செல்வன்,

பத்து நாள்.

அந்தப் பத்து நாளும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓல்டன், ஆராவ், சோலோதுர்ன் என்று ஸ்பிற்றால்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலை முடிந்து ஒவ்வொரு பின்னேரமும் ஆரே ஆற்றங்கரை வழியே நடந்தேன். தண்ணீரையும் கரையில் இருக்கிறவர்களையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். மிதுஷாவும் கூட வந்தாள். ஏன் அம்மா ஒவ்வொரு நாளும் இங்கே என்று கேட்டாள். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றேன். அதற்கும் ஒரு பொய்.

பொலிசுக்குப் போனேன். படம் கொடுத்தேன். உயரம், நிறம், உடுப்பு எல்லாம் கேட்டார்கள். ஏதும் வருத்தம் உண்டா என்று அந்தப் பெண் பொலிஸ் கேட்டாள். என் வாய் தன் பாட்டில், "சீனி" என்று சொன்னது. அவள் எழுதிக்கொண்டாள். இன்சுலின் இல்லாமல் எங்காவது மயங்கிக் கிடப்பார் என்று தேடியிருப்பார்கள். வெளியே வந்து ரயில்நிலைய வாங்கில் உட்கார்ந்தபோது என்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போல இருந்தது. உள்ளே திரும்பிப் போய் உண்மையைச் சொல்ல மட்டும் கால் வரவில்லை.

அவ்வளவு நேரமும் அவர் உன் அறையில் போர்த்துக்கொண்டு கிடந்தார். நீ வாசலில் கதிரை போட்டுக் காவல் இருந்தாய். முருகன் மேல் சத்தியமாம். முருகன் என்னைப் பார்க்கவில்லையா? ஒளிப்பதற்கு என்னைத் திட்டினாயே, நீ என்ன செய்தாய்? ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை நிரூபித்துவிட்டாய்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று மிதுஷாவிடம் சொன்னேன். இருந்து அழுதாள். பிறகு சொன்னாள், "அம்மா, எனக்கு எல்லாம் தெரியும். அப்பா ஸ்பிற்றாலுக்குப் போகேக்கை எனக்குப் பதினொரு வயசு. நீங்கள் எல்லாருக்கும் பொய் சொல்லேக்கை பக்கத்திலை நிண்டது நான்தானே." கோப்பையைக் கழுவு என்று அவள் மேல் கத்தினேன். தையல் போட்ட கையோடு அவள் கழுவினாள். இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டுகிற அளவு என்னையும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவரை வைத்திரு. நான் இப்போது எடுக்கமாட்டேன். சத்தியத்தை உடைத்து எழுதினாய், அதற்காக மட்டும் இந்தப் பதில். ஆனால் ஒன்று. அங்கே சனம் கேட்டால் தோள் வைத்தியத்துக்குச் சூரிச்சுக்கு வந்து நிற்கிறார் என்று சொல். சீனியும் கொஞ்சம் கூடிவிட்டது என்று சொல். மிதுஷாவுக்குப் பதினேழு வயது. குடிகாரன் மகள் என்று அவளை ஒருவரும் சொல்லக்கூடாது. நீ சொல்லிக் கேட்ட அந்தச் சொல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இந்திராவுக்கும் சொல்லி வை.

சிவகலா


அட்லிஸ்வில்
30.10.2016

அக்கா,

இந்தக் கடிதம் வர முதலே உங்களுக்குத் தொலைபேசிகள் வந்திருக்கும். வந்த கதைகளில் எது உண்மை என்று நான் சொல்கிறேன். படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நேற்றுத் தீபாவளி. கோயிலால் வந்த கையோடு ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். மேல்வீட்டு இராசம்மா அக்கா, கோயில் சபை ஆட்கள், என்னோடு வேலை செய்கிற இரண்டு குடும்பம், பத்துப் பன்னிரண்டு பேர். நீங்கள் சொன்னபடியே எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன். தோள் வைத்தியம், சீனி கூடிவிட்டது. எல்லாரும் அத்தானுக்குக் கொய்யா இலை, வெந்தயம் என்று மருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அத்தானைப் பார்க்கக் குலேந்திரனும் வந்திருந்தான். முதல் தரம் படி ஏறினான். உள்ளே இருக்காமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

இந்திரா தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வழக்கம் போல ஒன்றைத் தனியாக எடுத்து, "அண்ணை, இது உங்களுக்கு, சீனி போடேல்லை" என்று நீட்டினாள். அத்தான் அந்தக் கோப்பையை வாங்கினார். திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"இந்திரா, எனக்குச் சீனி வருத்தம் இல்லை. நான் குடிகாரன். ஆறரை வருசம் நிப்பாட்டி இருந்தனான். போன மாசம் விழுந்திட்டன். இண்டைக்கு முப்பதாவது நாள். மூண்டு கரண்டி போட்டுக் கொண்டு வா."

அவர் குரலை உயர்த்தவில்லை. பக்கத்துக் கடையில் பாண் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிச் சொன்னார். இராசம்மா அக்கா கையில் எடுத்த பயற்றம் பணியாரத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தார். சபைக்காரர் ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். வேண்டிய இடத்தில் மூடத் தெரியாத வாய், வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. உங்களிடம் என்ன சொல்வேன் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

அப்போது வாசலில் நின்ற குலேந்திரன், "தங்கச்சி, எனக்கும் ஒண்டு. சீனியோடை" என்றான். உள்ளே வந்து அத்தானுக்குப் பக்கத்தில் இருந்தான்.

இந்திரா கொண்டுவந்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். நான் குசினிக்குள் போய்க் கழுவின கோப்பைகளைத் திரும்பவும் கழுவினேன். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த மனிதன் என் வீட்டில் ஒரு கோப்பை குடித்தான். அதற்குப் பிறகு இரண்டு குடும்பம் அவசரமாகப் போய்விட்டது. போகட்டும். இராசம்மா அக்கா மட்டும் போகும்போது அத்தானின் கையைப் பிடித்து, தன் மகனையும் அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று மெல்லக் கேட்டார்.

உங்களைக் கேட்காமல் இப்படிச் செய்துவிட்டார் என்று அவர் மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. நீங்கள் காத்த பொய் என் வீட்டில் உடைந்ததற்கு என்னைத்தான் திட்டுவீர்கள். திட்டுங்கள். ஆனால் அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும், அக்கா.

செல்வன்


திரிம்பாக்
02.11.2016

தம்பி,

பதினொரு தொலைபேசி வந்தது. ஒருத்தி ஆறுதல் சொல்லுகிற மாதிரி வேவு பார்த்தாள். ஒருத்தி, தனக்கு முதலே தெரியும் என்றாள். கோயிலில் ஒருத்தி என்னைக் கண்டதும் வேறு வாசலால் போனாள். ஆறரை வருடம் நான் இரவு பகலாகக் கட்டிக் காத்ததை அந்த மனிதர் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு விற்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தில் ஏதாவது மெதுவாக இருப்பதாக உனக்குத் தோன்றினால் அது என் பேனையின் பிழை.

குலேந்திரனின் மனைவியைக் கோயிலில் நானே தேடிப் போனேன். உங்கள் தம்பி மன்னிப்புக் கேட்டானாம் என்றாள். அன்றைக்கு நான் பக்கத்தில் நின்றும் பேசாமல் இருந்தேன், அதற்கு என்னையும் மன்னிக்கவேண்டும் என்றேன். அவள் கழுவக் கிடந்த தட்டுகளில் பாதியை என் பக்கம் தள்ளினாள். சேர்ந்து நின்று தட்டுகளைக் கழுவினோம்.

உன் கடிதத்தை மிதுஷாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய் அலுமாரிக்குள்ளிருந்த சீனிப் பேணியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். கதவு மணி அடித்தபோது நான் பழக்கத்தில் அதைத் தூக்கப் போனேன். அவள் தையல் வெட்டின கையால் பேணியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வந்தது தபால்காரர்தான். ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வா. வீட்டுக்கு வரட்டும் என்று நான் சொல்லவில்லை. தேத்தண்ணிக்கு வரட்டும். வந்து மிதுஷாவின் கையைப் பார்க்கட்டும். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

இந்திராவிடம் ஒன்று சொல். அவர் மூன்று கரண்டி என்றது பொய். நாலு. நாலாவதை நான் அந்தப் பக்கம் திரும்பும்போது போடுவார், எனக்குத் தெரியாதென்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உனக்கும் தேத்தண்ணி உண்டு. சீனி போடமாட்டேன். அவர் ஆறரை வருடம் உன் வீட்டில் குடித்ததை நீ ஒரு நாளாவது என் முன்னால் இருந்து, முகம் சுளிக்காமல் குடித்து முடிக்கவேண்டும்.

அக்கா